ஸ்கேன் மெஷினுக்குள் ஓடும் கணக்கு

காரைக்குடியில் எந்த ஸ்கேன் சென்டர் போர்டை நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு பட்டியல் இருக்கும்: வயிற்று ஸ்கேன், கலர் டாப்ளர், எக்கோ, 4டி, சில இடங்களில் ஃபைப்ரோஸ்கேன். தேவகோட்டையிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுகிறார்கள், பணம் கட்டுகிறார்கள், இருட்டு ரூமில் படுக்கவைத்து ஜில்லென்று ஜெல் தடவுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. "கலர்னா ரேட்டு கூட ஆகும் ஆச்சி" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். ஆச்சியும் கலரில் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டு பர்ஸைத் திறப்பார்.

அந்தப் பட்டியலில் இருக்கிற அத்தனைக்கும் உடம்புக்குள் போவது ஒரே சரக்குதான்: சத்தம். நம் காதுக்கு எட்டாத சத்தம், இங்கிலீஷில் அல்ட்ராசவுண்ட். நாம் கேட்கிற உச்சம் வினாடிக்கு 20,000 அதிர்வு என்றால், ஸ்கேனில் போவது 20 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி அதிர்வு வரை. பல வருஷமாக இந்தச் சத்தம் பெரிதாக மாறவில்லை, உடம்பும் மாறவில்லை. திரும்பி வருகிற சத்தத்தை எத்தனை காதால் கேட்கிறோம், கேட்டதை வைத்து எவ்வளவு கணக்குப் போடுகிறோம், இந்த இரண்டும்தான் மாறிக்கொண்டே வருகின்றன. புது மெஷின், புது டெக்னாலஜி என்று எதைச் சொன்னாலும் அநேகமாக இதில் ஒன்றில் போய் நிற்கும்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கொத்தனார், பதித்து முடித்த பிறகு ஒவ்வொரு கல்லாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவை முழுசாகப் பிடித்திருந்தால் ஒரு சத்தம், எங்காவது காற்றுப் புகுந்து பொக்காக இருந்தால் வேறு சத்தம். கல்லைப் பெயர்க்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். ஸ்கேனின் பூர்வீகமும் இதேதான். கப்பல் கட்டும் இடங்களிலும் பாய்லர் தொழிற்சாலைகளிலும் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று சத்தம் அனுப்பிப் பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும் அப்படிப்பட்ட ஒரு கருவியைக் கப்பல் தளத்திலிருந்து இரவல் வாங்கி, 1953-இல் உயிருள்ள மனிதனின் இதயத்திலிருந்து எதிரொலியைப் பிடித்தார்கள். இன்றைக்கு "எக்கோ எடுத்தாச்சா" என்று கேட்கிறோமே, அதற்கு ஆரம்பம் அங்கேதான்.

ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயன் டொனால்ட், 1955-இல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்பைச் சோதிக்கிற மெஷினில் அவற்றை வைத்துப் பார்த்தால், நீர் நிறைந்த கட்டியும் கெட்டியான கட்டியும் வேறு வேறு மாதிரி பதில் சொல்லின. அப்புறம் டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினியர், ஜான் மக்விக்கர் என்ற டாக்டர் இருவரோடும் சேர்ந்து 1958-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை போட்டார். அந்தக் காலத்தில் அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷனே செய்ய முடியாத புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மெஷின் அது நீர்க்கட்டி என்று காட்டியது, எடுத்தார்கள், அவர் பிழைத்தார். இதற்குப் பிறகு கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சரி, சத்தத்தை உண்டாக்குவது எது? கையில் பிடித்து வயிற்றில் தேய்க்கிறார்களே அந்த ப்ரோபுக்குள், ஈயமும் சிர்கோனியமும் டைட்டானியமும் சேர்ந்த ஒருவகைப் பீங்கான் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் அது நடுங்கும். அதை யாராவது நடுக்கினால் மின்சாரம் தரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதை 1880-இல் கண்டுபிடித்தவர்கள் ஜாக், பியர் என்ற க்யூரி சகோதரர்கள். ஆமாம், மேரி க்யூரியின் வீட்டுக்காரர்தான் அந்த பியர், ஆனால் இது அவர்கள் கல்யாணத்துக்குப் பதினைந்து வருஷம் முன்னால். ஆக ஒரே துண்டு வாயும் ஆகிறது, காதும் ஆகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோ வினாடி அளவுக்குக் கத்திவிட்டு, அதைப்போல நூறு இருநூறு மடங்கு நேரம் சும்மா காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. உடம்பின் மென்மையான சதைகளில் சத்தம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ வினாடி. எதிரொலி 78 மைக்ரோ வினாடியில் வந்தால் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அது பலமாக வந்தால் திரையில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி, பலவீனமாக வந்தால் சாம்பல், ஒன்றும் வராவிட்டால் கறுப்பு. நீரும் ரத்தமும் கறுப்பாகத் தெரிவது அதனால்தான், அவற்றுக்குள் சத்தம் மோதித் திரும்ப ஒன்றும் இல்லை. பித்தப்பைக் கல்லில் பட்ட சத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும், மீதியைக் கல்லே விழுங்கிவிடும், பின்னால் போவதற்கு மிச்சமில்லை, அதனால் வெள்ளையாக ஒரு கீற்றும் அதன் பின்னால் கறுப்பாக ஒரு நிழலும் விழும். ஸ்கேன் டாக்டர் "கல் இருக்கு" என்று உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் அந்த நிழலைப் பார்த்துத்தான்.

காற்று மட்டும் இதற்கு ஜென்ம விரோதி. தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால் போதும், 99 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே திரும்பிவிடும். ஜெல் தடவுவது அந்தக் காற்றைத் துரத்த. "தண்ணி நல்லாக் குடிச்சிட்டு யூரின் முட்டினதும் கூப்பிடுங்கம்மா" என்று வெளியே பெஞ்சில் உட்காரவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: நிரம்பிய மூத்திரப்பை, காற்று அடைத்த குடலை மேலே தள்ளிவிட்டு, தானும் சத்தம் போக வசதியான ஜன்னலாகிவிடுகிறது. வெறும் வயிற்றில் வரச் சொல்வது, பித்தப்பை சுருங்காமல் நிறைந்திருக்கவும் குடலில் காற்று குறைவாக இருக்கவும். பெரியவர்களின் மூளையை இதில் பார்க்க முடியாததற்குக் காரணம் மண்டை ஓடு. பச்சைக் குழந்தைக்கு உச்சிக்குழி மூடாமல் இருப்பதால் அது வழியாக மூளையையே பார்த்துவிடுகிறார்கள். நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால் ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள். பிறகுதான், நீர் கோத்த நுரையீரலிலிருந்து வரும் கோடுகளுக்கு ஒரு தனி முகம் இருக்கிறது, அந்தப் பொய்ப் பிம்பத்தை வைத்தே நோயைச் சொல்லலாம் என்று புரிந்தது. கொரோனா சமயத்தில் இது நன்றாகவே கைகொடுத்தது.

இனி முன்னேற்றத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் ப்ரோபில் ஒரே காதுதான், அதைக் கையாலேயே நகர்த்தி நகர்த்திக் கோடு கோடாகப் படம் சேர்க்க வேண்டும், குழந்தை அசைந்தால் எல்லாம் கலைந்துவிடும். இப்போது ஒரு சாதாரண ப்ரோபிலேயே 128 துண்டு, அதற்கு மேலும் இருக்கும். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் கத்தாமல், ஓரத்துத் துண்டுகள் கொஞ்சம் முன்னாலும் நடுத் துண்டுகள் கொஞ்சம் பின்னாலும் கத்தினால், எல்லாச் சத்தமும் உள்ளே ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒன்றாகப் போய்ச் சேரும். கேட்கும்போதும் அதே மாதிரி, எந்தக் காதுக்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்று கழித்துக்கொண்டே கூட்ட வேண்டும். ப்ரோப் அசையாமலே சத்தத்தின் திசை மட்டும் திரும்புவது இப்படித்தான். முன்பு இந்தத் தாமதங்களைக் கம்பியும் சுருளும் வைத்துச் செய்தார்கள், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிற தெளிவில் பெரும்பங்கு இந்தக் கூட்டல் கழித்தலுக்குத்தான் சேர வேண்டும்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. 1,540 என்பது சராசரி. கொழுப்பில் சத்தம் அதைவிட மெதுவாகப் போகும், சுமார் 1,450. தொப்பை உள்ளவருக்கு மெஷின் எல்லா இடத்துக்கும் 1,540 என்று வைத்துக்கொண்டு தாமதத்தைக் கணக்கிட்டால் எதிரொலிகள் சரியாக ஒன்றுசேராது, படம் மங்கும். ரிப்போர்ட்டில் உடல்வாகு காரணமாகச் சில பகுதி சரியாகத் தெரியவில்லை என்று எழுதுவார்களே, அதில் இதுவும் ஒரு காரணம். அண்மை மெஷின்களில் ஆளுக்கு ஆள் இந்த வேகத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி வந்திருக்கிறது. செட்டிநாட்டு விருந்தைத் தினம் சாப்பிடுகிறவர்கள் இதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கலர் டாப்ளருக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரன் கிட்டே வரும்போது கீச்சென்றும் தாண்டிப் போனதும் தடித்தும் கேட்கும். ரத்த அணுக்களில் பட்டுத் திரும்புகிற சத்தத்திலும் அந்த வித்தியாசம் வருகிறது, அதை அளந்தால் ரத்தம் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். ப்ரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம் என்று பொதுவாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைக்க வேண்டாம். ப்ரோபைச் சாய்த்துப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிக் காட்டும். ஆக கலர் என்பது மேல் தரம் இல்லை. காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போதுமான ரத்தம் போகிறதா என்பது மாதிரியான கேள்விக்கு அது வேண்டும். கிட்னியில் கல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே போதும்.

4டி என்பதும் இப்படித்தான். வரிசையாகப் பல குறுக்குவெட்டுப் படங்களை எடுத்து அடுக்கினால் 3டி, அதையே விடாமல் எடுத்து ஓடவிட்டால் 4டி. குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், உதட்டுப் பிளவு போன்றவற்றைப் பார்க்க உதவவும் செய்யும். ஆனாலும் குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 வாரத்திலிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கிற அனாமலி ஸ்கேனில் இதயத்தின் நாலு அறை, முதுகெலும்பு, மூளை எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பது முக்கியமாக அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில்தான். முகப் படம் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் அனாமலி ஸ்கேனைத் தள்ளிப் போடுவதைப் பற்றி அவ்வளவு வருத்தப்படுவதில்லை, எனக்கு அதுதான் புரிவதில்லை.

கடந்த இருபது முப்பது வருஷத்தில் வந்ததிலேயே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேகம். முன்னே போட்ட கணக்கையே இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆழம் பார்க்க ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 200 மைக்ரோ வினாடி. ஒரு படத்துக்கு 128 கோடு என்றால் 25 மில்லி வினாடி. அப்படியானால் வினாடிக்கு 40 படம்தான், அதற்கு மேல் முடியாது. எவ்வளவு காசு கொட்டினாலும் சத்தம் வேகமாக ஓடாது. இந்தச் சுவரை எப்படித் தாண்டினார்கள் என்றால், கோடு கோடாக அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரே ஒரு தட்டையான அலையை உள்ளே அனுப்பும், முழு வயிறும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், வந்த அத்தனை எதிரொலியையும் அப்படியே சேமித்துக்கொண்டு, எது எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு கம்ப்யூட்டர் பிரித்து எடுக்கும். பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க், மிக்கேல் தான்தே முதலியவர்கள் வளர்த்தெடுத்த வழி இது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான படம் கிடைத்தது. இந்தக் கணக்கை முடிக்கிற அளவுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது தெரியுமா, பையன்கள் வீடியோ கேம் ஆடுவதற்காக வளர்ந்த கிராபிக்ஸ் சிப்பிலிருந்து.

அவ்வளவு வேகம் எதற்கு? சதையின் கெட்டித்தன்மையை அளக்க. சதையை லேசாக உதைத்துவிட்டால் பக்கவாட்டில் ஓர் அசைவு பரவும், அது வினாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நடை வேகத்தில்தான் போகும். மென்மையான சதையில் மெதுவாக, இறுகிய சதையில் வேகமாக. வயிற்றுக்குள் சில சென்டிமீட்டர் தூரத்தை அது கடக்கிற கண நேரத்தைப் பிடிக்க 40 படம் பத்தாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் என்பது இதன் எளிய வடிவம்: ப்ரோபே விலாவில் ஒரு தட்டுத் தட்டும், ஈரலில் அந்த அசைவு போகிற வேகத்தை அளக்கும், படமெல்லாம் காட்டாது, கெட்டித்தன்மையைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் ஓர் எண்ணாகத் தரும். நல்ல ஈரல் 5 பக்கம் இருக்கும், சுருங்கி இறுகிப்போன ஈரல் 12, 13-க்கு மேலே போகும்.

இது ஏன் நமக்கு முக்கியம் என்றால், சுகர் இருக்கிற பாதிப்பேர் ரிப்போர்ட்டில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று ஒரு வரி இருக்கும். அந்த கிரேடு கண்ணால் பார்த்துச் சொல்வது, ஈரல் பக்கத்துக் கிட்னியைவிட எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று ஒப்பிட்டு. ஒரு சென்டரில் 1 என்றதை இன்னொரு சென்டரில் 2 என்று சொன்னால் யாரையும் திட்ட வேண்டியதில்லை. அதைவிட, கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும் ஈரல் தழும்பேறி இறுக ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் பெரிய கேள்வி, அதைச் சாதாரணப் படத்தில் ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். முன்பெல்லாம் ஊசி போட்டு ஈரலைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையை இப்போது பெரும்பாலும் செய்கிற ஃபைப்ரோஸ்கேனுக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்தம் அதிகம் வந்து எண் கூடிக் காட்டும்.

ரத்தத்தில் நுண்ணிய வாயுக் குமிழிகளைச் செலுத்தி அவற்றின் எதிரொலியைப் பிடிப்பது இன்னொரு வழி. குமிழிகள் சிவப்பணு அளவுதான், கொஞ்ச நேரத்தில் மூச்சோடு வெளியே போய்விடும். வேகமான படமும் இந்தக் குமிழியும் சேர்ந்ததில் 2015-இல் பாரிஸ்காரர்கள் எலியின் மூளையில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்களை வரைந்து காட்டிவிட்டார்கள். அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம்.

மெஷின் சின்னதாகி வருவது அடுத்த கதை. பீங்கான் துண்டுகளுக்குப் பதிலாக, சிலிக்கான் சிப்பிலேயே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பறைகளைச் செதுக்கிவிட்டார்கள். அப்படி வந்த பட்டர்ஃப்ளை என்ற கருவிக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, செல்போனில் சொருகினால் படம் தெரியும். 2022-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தபால்தலை அளவில் ஒட்டிக்கொள்கிற பட்டை ஒன்றைக் காட்டினார்கள், தோலில் 48 மணி நேரம் ஒட்டியிருந்து உள்ளுறுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். படம் எடுக்கத் தெரியாதவருக்கு "இடப்பக்கம் திருப்பு, கொஞ்சம் சாய்" என்று சொல்லித்தருகிற ஏஐ மென்பொருளும் வந்துவிட்டது. இதற்கு முன் ஸ்கேன் ப்ரோபையே பிடித்துப் பழகாத எட்டு நர்ஸ்கள் அதன் துணையோடு இதயப் படம் எடுத்தார்கள், பெரும்பாலான நோயாளிகளிடம் டாக்டர் பார்த்துச் சொல்லும் தரத்தில் வந்தது என்று 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. எனக்கென்னவோ மற்ற எல்லாவற்றையும்விட நம் ஊர்ப்பக்கத்துக்கு இதுதான் உபயோகம் என்று படுகிறது, ஏனென்றால் மெஷின் வாங்குவது சுலபம், அதை ஓட்டத் தெரிந்த ஆளை ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரவைப்பதுதான் கஷ்டம்.

ஆனால் இந்தியாவில் இது செல்போன் வாங்குவதுபோல் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது, 2003-இல் திருத்தி இறுக்கினார்கள். ஸ்கேன் மெஷின் வைத்திருக்கிற இடம் பதிவு செய்திருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும், பாலினத்தைச் சொன்னால் ஜெயில். பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய மெஷின் என்றால் சட்டம் இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். கெடுபிடி அதிகம் என்று சில டாக்டர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பதை மறந்துவிட்டுத் தளர்த்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அடிக்கடி எடுத்தால் குழந்தைக்கு ஆகாதா என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே, சி.டி. மாதிரி இதில் கதிர்வீச்சு கிடையாது. சத்தம் உடம்பில் கொஞ்சம் சூட்டையும் அழுத்த அதிர்வையும் உண்டாக்கும், அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, திரையின் ஓரத்தில் டி.ஐ. (சூட்டுக்கு), எம்.ஐ. (அழுத்த அதிர்வுக்கு) என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டே இருப்பது அதைக் கவனிக்கத்தான். டாப்ளரில் சக்தி ஒரே இடத்தில் அதிகம் விழுவதால் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அதைத் தேவையில்லாமல் போடுவதில்லை. டாக்டர் கேட்ட ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், முகம் பார்க்கும் ஆசைக்காக மட்டும் கூடுதலாக எடுக்கவும் வேண்டாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். போன தடவை 6 மில்லிமீட்டர் இருந்த கல் இந்தத் தடவை 7 என்று வந்தால் அது வளர்ந்துவிட்டதா, ப்ரோப் வேறு சாய்வில் பிடித்ததா என்பதைப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் ஸ்கேன் டாக்டரால் சொல்ல முடியும்.